புதிய ஒப்பந்தத்தில் "எந்திரக் கற்றல்" என்று ஒரு வரி: கையெழுத்திடலாமா?

பொருநைக்கரை

என் புதிய நாவலுக்கான ஒப்பந்தப் படிவம் கைக்கு வந்திருக்கிறது. பதிப்பகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. முந்தைய இரண்டு நூல்களுக்கும் (2013, 2017) ஒரே பக்கத்தில் முடிந்த ஒப்பந்தம், இந்த முறை பல பக்கங்களுக்கு நீண்டிருக்கிறது. அதில் இரண்டு வரிகள் என்னை உறுத்துகின்றன.

முதல் வரி: "இன்று புழக்கத்தில் உள்ளதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும் படைப்பைப் பயன்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு."

இரண்டாம் வரி: "மொழித் தொழில்நுட்பம், தரவுத் தொகுப்பு, எந்திரக் கற்றல் ஆகிய தேவைகளுக்காகப் படைப்பின் முழுப் பிரதியை மூன்றாம் தரப்புக்கு வழங்கும் உரிமையும் இதில் அடங்கும்."

அச்சு நூலுக்கு 10 சதவீத ராயல்டி என்று இருக்கிறது. மின்னூலுக்குத் தனி விகிதம் இருக்கிறது. இந்த இரண்டாம் வரிக்கு என்ன தொகை என்று எங்கும் இல்லை. கேட்டேன். "எல்லோருக்கும் இதே படிவம்தான், இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று பதில் வந்தது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். இந்த வரியை நீக்கச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா? பழைய இரண்டு நாவல்களையும், அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தை வைத்தே, செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட முடியுமா?

நிரல்மாடம்

அக்கா, சட்டத்தை அறிந்தவர்கள் சொல்லட்டும். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இந்த விவாதங்களில் அது எப்போதும் மங்கலாகவே விடப்படுகிறது.

ஒரு மொழி மாதிரியை, அதாவது சாட்ஜிபிடி போன்ற கருவிக்குள் இருந்து எழுதும் மென்பொருளை, பயிற்றுவிக்க முதலில் நூலின் முழுக் கோப்பும் ஒரு கணினியில் இருக்க வேண்டும். யாரோ அதை வாங்கியிருக்க வேண்டும், அல்லது ஸ்கேன் செய்திருக்க வேண்டும், அல்லது எங்கிருந்தோ இறக்கியிருக்க வேண்டும். பிறகு அதைச் சுத்தம் செய்வார்கள்: பக்க எண், தலைப்பு வரி, பதிப்புரிமைக் குறிப்பு எல்லாம் நீங்கும். பிறகு துண்டுகளாக வெட்டி, அடுத்த துண்டு எது என்று ஊகிக்கும் பயிற்சியைக் கோடிக்கணக்கான முறை நடத்துவார்கள். முடிவில் கிடைக்கும் மாதிரிக்குள் உங்கள் நாவல் நூலக அலமாரியில் இருப்பதுபோல் இருக்காது. ஆனால் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்த பகுதிகள் அப்படியே பதிந்துவிடக்கூடும். ஜெர்மனியின் கெமா என்ற இசைப் படைப்பாளர் அமைப்பு சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் மியூனிக் நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: பாடல் வரிகள் மாதிரிக்குள் பதிந்து கிடப்பதே பிரதியெடுப்பு என்று தீர்ப்பளித்தது.

"இயந்திரம் வாசிக்கிறது, மனிதர் வாசிப்பதுபோலத்தான்" என்று சொல்கிறவர்கள் அந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வாசகர் நூலை வாங்கினார், அல்லது நூலகத்தில் எடுத்தார். இங்கே அந்தக் கோப்பு எப்படி வந்தது? அமெரிக்காவின் 'தி அட்லாண்டிக்' இதழ் 2025 மார்ச்சில், லிப்ஜென் என்ற திருட்டு நூல் தளத்தில் இருக்கும் நூல்களைத் தேடிப் பார்க்கும் வசதியை வெளியிட்டது. உலகெங்கும் எழுத்தாளர்கள் தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்து அதிர்ந்தது அப்போதுதான்.

மதுரை வழக்குரைஞர்

பொருநைக்கரை அவர்களின் இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களுக்குச் சாதகமானது.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 2012இல் பெரிய திருத்தம் வந்தது. திரைப்பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாக்கிய திருத்தம் என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே திருத்தம் 18ஆம் பிரிவில் எல்லா எழுத்தாளருக்கும் ஒரு காப்பைச் சேர்த்தது. உரிமையை எழுதிக்கொடுக்கும் நாளில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்தில் வராத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ அந்த ஒப்பந்தம் பொருந்தாது. அந்த முறையை ஒப்பந்தம் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய.

2013இலும் 2017இலும் தமிழ் நாவலின் முழுப் பிரதியை மொழி மாதிரிப் பயிற்சிக்கு விற்பது வணிகப் புழக்கத்தில் இருந்த ஒன்றா? இல்லை என்பதே என் வாதம். எனவே அந்த இரண்டு நாவல்களின் பயிற்சி உரிமை இன்னும் உங்களிடமே இருக்கிறது. "எல்லா உரிமைகளும்" என்று அந்த ஒரு பக்கத்தில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். இது நான் சட்ட வரிகளிலிருந்து எடுக்கும் வாதம், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. ஆனால் எந்தப் பதிப்பாளரிடமும் இதைச் சொல்லி நிற்கலாம்.

இனி கவலைக்குரிய பகுதி. இந்தக் காப்பு பழைய ஒப்பந்தத்துக்கு உதவுவதுபோல் புதிய ஒப்பந்தத்துக்கு உதவாது. இன்று பயிற்சிக்காக நூல்களை விற்பதும் உரிமம் கொடுப்பதும் உலகெங்கும் நடக்கும் வணிகம். இன்று நீங்கள் "எல்லா ஊடகங்களிலும்" என்று கையெழுத்திட்டால் "அன்று அது புழக்கத்தில் இல்லை" என்று பிறகு சொல்ல முடியாது. அத்துடன் உங்கள் படிவத்தின் இரண்டாம் வரி அந்தப் பயன்பாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தப் படிவத்தை எழுதியவர் 18ஆம் பிரிவைப் படித்தவர்.

முதல் கேள்விக்கு: நீக்கச் சொல்லலாம். ஒப்பந்தம் என்பது இருவர் ஒப்புக்கொள்வது. "எல்லோருக்கும் இதே படிவம்" என்பது பழக்கம்தான், சட்டம் இல்லை. மேலும் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் ராயல்டி அல்லது வேறு பலன் குறிப்பிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உங்கள் பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். 2013இன் ஒப்பந்தத்தில் கால வரம்பு எழுதப்படவில்லை என்றால், அந்த நாவல் எப்போதோ உங்களிடம் திரும்பிவிட்டது.

பொருநைக்கரை

ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 2013இல் காலம் எழுதப்படவில்லை. இத்தனை ஆண்டுகளாக அது பதிப்பகத்தின் சொத்து என்று நம்பிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி.

புதுக்கணினி

எல்லோரும் வேலி போடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. நான் ஆசிரியர், மாணவர்கள் இந்தக் கருவிகளிடம் தமிழில் கேள்வி கேட்கிறார்கள். வரும் தமிழ் வறண்டு கிடக்கிறது. இணையத்தில் கிடைக்கும் தமிழ் பெரும்பாலும் செய்தித் துணுக்கும் மொழிபெயர்ப்பு இயந்திரம் கக்கியதும்தான். நல்ல உரைநடை எழுதியவர்கள் எல்லோரும் கதவை அடைத்துவிட்டால் அடுத்த தலைமுறை எந்தத் தமிழைக் கேட்டு வளரும்? தமிழ் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்; நிறுவனங்களுக்காக இல்லை.

நிரல்மாடம்

நியாயமான கவலை. ஆனால் தமிழில் திறந்த கதவுகள் ஏற்கெனவே பல இருக்கின்றன. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பாரதியின் எழுத்துகளை 1949இல் சென்னை அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியது. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகள், வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து, நாட்டுடைமையாக்கப்பட்டன. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த எழுத்து பெரும்பாலும் பொதுச் சொத்து.

நாட்டுடைமை முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: அரசு வாரிசிடம் போய்ப் பேசியது, தொகை கொடுத்தது, பிறகுதான் பொதுவாக்கியது. கொடுத்த தொகை போதுமா என்பது வேறு பேச்சு. எடுப்பதற்கு முன் கேட்டார்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளரிடம் அதைவிடக் குறைவாக நடந்துகொள்வது எப்படிச் சரியாகும்?

மரப்பாச்சி

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். நாவலாசிரியர்கள் தங்கள் நூல் எடுக்கப்பட்டதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு நூல் மட்டும் போகவில்லை, வேலையே போய்க்கொண்டிருக்கிறது.

இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் தமிழில் மிகச் சிலர். நாங்கள் மற்ற நேரத்தில் கையேடு, விளம்பரம், பாடநூல், அரசுத் துண்டறிக்கை என்று செய்துதான் வீட்டு வாடகை கட்டினோம். அந்த வேலை முதலில் போனது. ஒரு முகமை (பெயர் வேண்டாம்) முன்பு முழு மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த தொகையில் பாதியைக் கொடுத்து, இயந்திரம் செய்ததைத் "திருத்தித் தாருங்கள்" என்கிறது. திருத்துவது பாதி வேலை என்று நினைக்கிறார்கள். இயந்திரம் தந்த வாக்கியத்தை நம்பவும் முடியாமல், தூக்கி எறியவும் முடியாமல், மூலத்தை எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். புதிதாகச் செய்திருந்தால் இதைவிடச் சீக்கிரம் முடித்திருப்பேன், நன்றாகவும் வந்திருக்கும்.

பிரிட்டனின் எழுத்தாளர் சங்கம் 2024 ஜனவரியில் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், மொழிபெயர்ப்பாளர்களில் 36 சதவீதத்தினர் இந்தக் கருவிகளால் ஏற்கெனவே வேலை இழந்ததாகச் சொன்னார்கள். ஓவியர்களில் 26 சதவீதம். எழுத்துத் தொழிலில் முதல் அடி எங்கள் மீது விழுந்திருக்கிறது.

இன்னொன்றும் வேதனைப்படுத்துகிறது. அந்த இயந்திரம் இவ்வளவு தமிழ் எழுதக் கற்றது எங்கள் மொழிபெயர்ப்புகளைப் படித்தும்தானே? ஆங்கில மூலமும் தமிழ்ப் பெயர்ப்பும் அருகருகே கிடைப்பது பயிற்சிக்கு மிகவும் மதிப்புள்ள தரவு என்று நிரல்மாடம் போன்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மொழிபெயர்ப்புக்கும் தனிப் பதிப்புரிமை உண்டு. ஆனால் நாங்கள் பெரும்பாலும் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிடுகிறோம். மூல ஆசிரியரின் உரிமை பற்றி இங்கே வரையப்படும் எந்த வரியிலும் மொழிபெயர்ப்பாளரின் பெயரும் இருக்க வேண்டும். இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

நடுத்தெரு அச்சகம்

நான் சிறு பதிப்பாளன். இங்கே யாரும் என் தரப்பைப் பேசமாட்டார்கள் என்பதால் நானே பேசுகிறேன்.

இப்படிப்பட்ட வரிகள் பல சிறு பதிப்பகங்களின் படிவத்துக்குள் எப்படி வந்தன தெரியுமா? ஆங்கிலப் பதிப்பகங்களின் மாதிரி ஒப்பந்தத்தை யாரோ தமிழாக்கி அனுப்ப, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். உங்களிடம் வந்த படிவம் அப்படித்தான் உருவானதா என்று சொல்லமாட்டேன். ஆனால் என் படிவத்திலும் முதல் வரி இருக்கிறது. யாரும் என்னிடம் தரவு கேட்டு வந்ததில்லை. வந்தால் என்ன விலை சொல்வது என்றும் எனக்குத் தெரியாது.

எங்கள் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சிக்காக அச்சிட்ட நூல், காட்சி முடிவதற்குள் டெலிகிராமில் முழுதாக ஸ்கேன் செய்யப்பட்டு வந்துவிடுகிறது. பின்னட்டை, விலை, என் முகவரி எல்லாம் இருக்கும். ஒரு குழுவை மூடினால் இன்னொன்று. தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு பாடநூல் ஆசிரியரின் வழக்கில், திருட்டுப் பிரதி பகிரும் டெலிகிராம் சேனல்களை நடத்துகிறவர்களின் விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழிக்குப் போக என்னைப் போன்றவர்களிடம் பணமில்லை. வாசகர்களே செய்யும் திருட்டைத் தடுக்க முடியாத நாங்கள், கடல் தாண்டிய நிறுவனத்தை எப்படித் தடுப்போம்?

மதுரை வழக்குரைஞர்

நடுத்தெரு ஐயா, நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே கதைதான். வாசகர் பகிரும் திருட்டு பி.டி.எப் தான் பிறகு பயிற்சிக் கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது.

கிளாட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீது ஆண்ட்ரியா பார்ட்ஸ் உள்ளிட்ட மூன்று எழுத்தாளர்கள் 2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 23 அன்று நீதிபதி வில்லியம் ஆல்சப் இரண்டாகப் பிரித்துத் தீர்ப்பளித்தார். காசு கொடுத்து வாங்கிய அச்சு நூல்களை ஸ்கேன் செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடு, அதாவது உரிமையாளரைக் கேட்காமலே சட்டம் அனுமதிக்கும் பயன்பாடு. அது எழுத்தாளருக்குப் பாதகம். ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இறக்கி, நிரந்தர நூலகமாக வைத்துக்கொண்டது நியாயமான பயன்பாடு ஆகாது. அந்த இரண்டாம் பகுதிக்குப் பயந்துதான் நிறுவனம் 2025 செப்டம்பரில் 150 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. அமெரிக்கச் சட்டத்தில் வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு நூலுக்கு 1,50,000 டாலர் வரை நஷ்டஈடு விதிக்க முடியும். அதை லட்சக்கணக்கான நூல்களால் பெருக்கினால் எந்த நிறுவனமும் தாங்காது.

சமரசத் தொகை பெறும் பட்டியலில் சேர்ந்தவை ஏறத்தாழ 4,82,000 நூல்கள். வழக்குச் செலவு போன்ற கழிவுகளுக்கு முன் நூலுக்குச் சுமார் 3,000 டாலர். 70 லட்சம் எங்கே, 4,82,000 எங்கே? ஒரே நூலின் பல பிரதிகள் கழிந்தன என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் தகுதி விதி: நூலுக்கு ஐ.எஸ்.பி.என். போன்ற அடையாள எண் இருக்க வேண்டும், வெளியாகி ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதுவும் நிறுவனம் இறக்குவதற்கு முன்போ நூல் வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். அப்படிப் பதியாதவருக்கு, அவர் நூல் திருடப்பட்டது உறுதியாகத் தெரிந்தாலும், அந்தச் சமரசத்தில் ஒரு டாலர்கூட இல்லை.

நம்மவர்களுக்கு இதன் பொருள்: உங்கள் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளியாகிறது என்றால், அங்குள்ள பதிப்பாளர் அதைப் பதிவு செய்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை பிறக்கிறது. ஆனாலும் பதிவேடு 48ஆம் பிரிவின்படி முதல்நிலைச் சான்று, அதாவது தவறென்று யாரும் நிரூபிக்காதவரை நீதிமன்றம் ஏற்கும் சான்று. ஒரு இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். செய்துவையுங்கள்.

ஆல்சப் தீர்ப்புக்கு இரண்டு நாள் கழித்து, அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி வின்ஸ் சாப்ரியா, பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் மீதான வழக்கில் எழுத்தாளர்களைத் தோற்கடித்தார். ஆனால் அவர் எழுதியதைப் படித்தால், இயந்திரம் எழுதிய நூல்கள் சந்தையை நிரப்பி மனிதர் எழுதிய நூலை விற்காமல் செய்துவிடும் என்ற வாதமே வலுவானது, அதற்கான ஆதாரத்தை வழக்காடியவர்கள் கொண்டுவரவில்லை என்பதே தோல்விக்குக் காரணம் என்று தெரியும். மரப்பாச்சி அவர்களே, உங்களிடம் பழைய பில்களும் புதிய பில்களும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் எப்படிக் குறைந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

வடமராட்சி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். எங்களிடம் பதிப்புரிமையைப் பதியும் முறையே இல்லை. நியாயமான பயன்பாட்டுக்கான 11ஆம் பிரிவு அமெரிக்கச் சட்டத்தைப் போலவே நான்கு காரணிகளைப் பார்க்கச் சொல்கிறது. இந்தியாவில் உள்ளதுபோல் ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி என்று இன்ன இன்ன தேவைக்கு என்ற எல்லை இல்லை. ஆக, அமெரிக்காவில் "பயிற்சி நியாயமான பயன்பாடே" என்று தீர்ப்புகள் குவிந்தால், அந்த வாதம் கொழும்புக்கு எளிதாக வந்துவிடும் என்பது என் பயம். எங்களவர் பலர் தமிழகப் பதிப்பகங்களில்தான் நூல் வெளியிடுகிறார்கள். அப்படியானால் அவர்களுடைய ஒப்பந்தமும் இந்தியச் சட்டத்தின் கீழ்தான் எழுதப்படும். எனவே வழக்குரைஞர் ஐயா சொன்ன 18ஆம் பிரிவு எங்களுக்கும் முக்கியம்.

புதுக்கணினி

மத்திய அரசு ஏதோ கட்டாய உரிமம் கொண்டுவரப் போவதாகப் படித்தேனே? அது வந்தால் ஒப்பந்தத்தில் நீக்குவதும் சேர்ப்பதும் எல்லாம் வீண்தானா?

மதுரை வழக்குரைஞர்

தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதன் சாரம்: சட்டப்படி அணுகக் கிடைக்கும் எல்லாப் படைப்புகளையும் பயிற்சிக்குப் பயன்படுத்த நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம், பதிலுக்கு ராயல்டி. விகிதத்தை அரசு அமைக்கும் குழு தீர்மானிக்கும், ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பங்கிடும். படைப்பாளர் "என் நூலை எடுக்காதே" என்று மறுக்க முடியாது. இது பரிந்துரைதான், சட்டம் இல்லை.

பணம் வரும் என்பதற்காக இதை வரவேற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். பதிப்புரிமையின் உயிரே மறுக்கும் உரிமைதான். மறுக்க முடியாதவருக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. யாரோ நிர்ணயித்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நடுத்தெரு அச்சகம்

எனக்கு அப்படித் தோன்றவில்லை, வழக்குரைஞரே. தமிழில் 300 பிரதி விற்கும் கவிதை நூலுக்கு எந்த நிறுவனம் தனியாக வந்து பேரம் பேசப்போகிறது? பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களோடு பேசி முடித்துவிட்டு நம்மை இணையத்திலிருந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மைய அமைப்பு என்று ஒன்று இருந்தால் சிறியவனுக்கும் ஏதோ வரும். திரைப்பாடலாசிரியர்களும் சங்கத்தின் வழியாகத்தானே வாங்குகிறார்கள்?

பொருநைக்கரை

நடுத்தெரு அண்ணாச்சி, அந்த ஒப்பீட்டில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரு பாட்டு எத்தனை முறை ஒலிபரப்பானது என்று எண்ணலாம், அதற்கேற்பப் பங்கிடலாம். என் நாவலிலிருந்து ஒரு மாதிரி எவ்வளவு கற்றது என்று யார் எண்ணுவார்? எண்ண முடியாததைப் பங்கிடும்போது பெரிய பட்டியல் வைத்திருப்பவருக்கே பெரும்பங்கு போகும். மைய அமைப்பின் கூட்டம் தில்லியில் நடக்கும். தமிழ்க் கவிதைக்காக அங்கே யார் எழுந்து பேசுவார்?

எனக்குப் பணத்தைவிட ஒரு கேள்வி பெரிது. என் நாவலில் என் அத்தையின் வாழ்க்கை இருக்கிறது. அவள் அனுமதி கேட்டுத்தான் எழுதினேன். சில இடங்களை அவள் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். அப்படி ஒருவரிடம் கேட்டு எழுதிய ஒன்றை, என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டமே சொல்லுமானால், அதற்குக் கொடுக்கும் தொகை எனக்குச் சமாதானமாகாது. விரும்புகிறவர் கொடுக்கட்டும். எனக்கு "முடியாது" என்று சொல்லும் வழி வேண்டும்.

நிரல்மாடம்

கேட்டுச் செய்வது முடியாத காரியம் என்று நிறுவனங்கள் சொல்வதை ஏற்காதீர்கள். 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ், குறிப்பிட்ட சில புனைவல்லாத பழைய நூல்களைப் பயிற்சிக்கு உரிமம் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. ஒவ்வொரு ஆசிரியரையும் தனித்தனியாகக் கேட்டது, விரும்பாதவர் விலகிக்கொண்டார். அதே ஆண்டில் டெய்லர் அண்டு பிரான்சிஸ் என்ற கல்விப் பதிப்பகத்தின் உள்ளடக்கம் மைக்ரோசாப்ட்டுக்குப் போன செய்தியைப் பல பேராசிரியர்கள் வெளியிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். இரண்டுமே வணிகம்தான். எழுத்தாளரை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக மதித்ததா என்பதுதான் வேறுபாடு.

வலைப்பூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt, எந்த நிரல் தளத்துக்குள் வரலாம் என்று சொல்லும் கோப்பு) ஓபன்ஏஐயின் ஜிபிடிபாட், காமன் கிராலின் சிசிபாட் போன்ற தரவு திரட்டும் நிரல்களைத் தடுக்கலாம். பிளாகர் அமைப்பிலும் அந்தக் கோப்பைத் திருத்த வசதி உண்டு. அதை மதிக்காத நிரல்களும் இருக்கின்றன, ஏற்கெனவே எடுத்தது திரும்பாது. ஆனாலும் மறுப்பை எழுத்தில் பதிவு செய்தது ஆகும்.

மரப்பாச்சி

புத்தகத்திலும் பதிவு செய்யலாம். பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் 2024 அக்டோபர் முதல் தன் நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தில், பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கத் தொடங்கியது. தமிழ் நூலில் பதிப்புரிமைப் பக்கம் என்றால் ஐ.எஸ்.பி.என்., விலை, அச்சகம் பெயர் மட்டும்தான். அங்கே நான்கு வரி சேர்க்க என்ன செலவு?

நடுத்தெரு அச்சகம்

ஒரு செலவும் இல்லை, அம்மா. அடுத்த நூலிலிருந்து சேர்க்கிறேன். ஒப்பந்தத்துக்கான வரியை வழக்குரைஞர் எழுதித் தந்தால் என் படிவத்தையும் மாற்றிவிடுகிறேன். கேட்டால் பதிப்பாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று எழுத்தாளர்கள் பயப்பட வேண்டாம். எங்களில் பெரும்பாலோருக்கு இந்த உரிமையை வைத்து ஒரு ரூபாய் வருமானம்கூட இப்போது இல்லை. கேட்டால் விட்டுத்தருவார்கள்.

மதுரை வழக்குரைஞர்

வரைவு இதோ. உங்கள் ஒப்பந்தத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய தொகை சம்பந்தப்பட்டது என்றால் உங்கள் ஊர் வழக்குரைஞரிடம் காட்டிவிடுங்கள்.

"இந்த ஒப்பந்தத்தின் வழியே பதிப்பாளருக்கு வழங்கப்படும் உரிமைகள் தமிழில் அச்சு நூலாகவும் மின்னூலாகவும் வெளியிடுவதற்கு மட்டுமே. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவித்தல், சோதித்தல், அதற்கான தரவுத் தொகுப்பில் சேர்த்தல் ஆகியவற்றுக்காகப் படைப்பைப் பிரதியெடுக்கவோ சேமிக்கவோ மூன்றாம் தரப்புக்கு வழங்கவோ உள்ள உரிமை முழுவதும் ஆசிரியரிடமே இருக்கும். அத்தகைய பயன்பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் கையெழுத்திட்ட தனி ஒப்புதலும் அதற்கான தொகையும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். ஒலிநூலுக்கோ மொழிபெயர்ப்புக்கோ இயந்திரக் குரலையோ இயந்திர மொழிபெயர்ப்பையோ ஆசிரியரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றிப் பயன்படுத்தக் கூடாது."

'சேமிக்கவோ' என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். 14ஆம் பிரிவு, மின்னணு முறையில் சேமிப்பதையும் பிரதியெடுப்பாகவே கருதுகிறது. ஆல்சப் தீர்ப்பில் நிறுவனம் சிக்கியதும் சேமித்து வைத்ததில்தான்.

எதிர்ப்பக்க நேர்மையும் வேண்டும் என்பதால் ஒன்று சொல்கிறேன்: உங்கள் கைப்பிரதியில் எந்தப் பகுதியாவது இயந்திரம் எழுதியது என்றால் அதைப் பதிப்பாளரிடம் சொல்லும் பொறுப்பையும் ஒரு வரியாகச் சேருங்கள். ஹாலிவுட் திரைக்கதையாசிரியர்கள் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற உடன்பாட்டிலும், இயந்திரம் எழுதியதை எழுத்தாளர் கையில் கொடுத்தால் தயாரிப்பு நிறுவனம் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது.

மரப்பாச்சி

"ஆசிரியர்" என்ற இடத்திலெல்லாம் "ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர்" என்று போட வேண்டுகிறேன். "இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணிக்கு, முழு மொழிபெயர்ப்புக்கான கட்டணமே பொருந்தும்" என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கான படிவத்தில் தனியாக ஒரு வரி வேண்டும். முகமைகள் ஒப்புக்கொள்ள நாளாகும். இலக்கியப் பதிப்பகங்களிடமாவது இதை இப்போதே தொடங்கலாம்.

நடுத்தெரு அச்சகம்

முதல் திருத்தம் சம்மதம். இரண்டாவதை நானும் ஏற்கிறேன், ஒரு மாற்றத்துடன்: இயந்திர மொழிபெயர்ப்பை நான் யாருக்கும் திருத்தக் கொடுக்கமாட்டேன் என்றே என் படிவத்தில் எழுதிவிடுகிறேன்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. வரைவைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். இரண்டாம் வரியை நீக்கச் சம்மதித்துவிட்டார்கள். முதல் வரியை மட்டும் "பழக்கமான சொற்கள், இருக்கட்டும்" என்கிறார்கள். "தரவாகக் கொடுக்கமாட்டோம்" என்று மின்னஞ்சலில் உறுதி தருவதாகவும் சொல்கிறார்கள். அது போதுமா ஐயா?

மதுரை வழக்குரைஞர்

போதாது. ஒப்பந்தத்தில் "எல்லா ஊடகங்களிலும்" என்று இருந்து, மறுப்பு மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், நாளை பதிப்பகம் கைமாறும்போது புதிய உரிமையாளர் கையில் இருப்பது ஒப்பந்தம்தான். உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பையும் அதே தாளில் எழுதுங்கள். முதல் வரி இருக்கட்டும் என்றால், அதன் கீழேயே "மேற்கண்டதில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி அடங்காது" என்று சேர்த்து, இரு தரப்பும் அந்த இடத்தில் தனியாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.